ஜன்னலோரக் கட்டில்

எங்கள் அப்பா அன்றைக்கு ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இப்போது ஹாஸ்டலில் இருந்திருப்பேன். இப்படிச் சொன்னால் அம்மா, "பெத்த அப்பனை அந்த மாதிரி பேசாதே" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே என்னைவிட மோசமாகத் திட்டுவாள்.

விஷயம் இதுதான். எனக்குப் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. கல்லூரி சந்தாபுராவையும் தாண்டி ஆனேக்கல் போகிற வழியில். எங்கள் வீடு அல்சூருக்குப் பக்கத்தில் மர்பி டவுனில். மூன்று பஸ் மாற வேண்டும், நடுவில் சில்க் போர்டு சிக்னல். அந்தச் சிக்னலைப் பற்றிப் பெங்களூரில் இருப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முதல் வகுப்பு எட்டு மணிக்கு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினாலும் வீடு என்பது ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு. அப்பா வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு ஷட்டில் பஸ் ஓட்டுகிறார், ஷிஃப்ட் மாறி மாறி வரும், பாதி நாள் பகலில்தான் தூங்குவார். அண்ணன் விக்கி சாப்பாடு டெலிவரி செய்கிறான், அவன் வீட்டுக்கு வருகிற நேரம் அவனுக்கே தெரியாது. உடம்பில் இருக்கிற அத்தனை எலும்புகளின் பெயரையும் இதற்கு நடுவில் எங்கே உட்கார்ந்து நான் மனப்பாடம் செய்வது?

அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "ஹாஸ்டல் கெடச்சா போ. கெடைக்கலன்னா இங்கயே பக்கத்துல பி.காம். சேரு. பொட்டப் புள்ளைய டெய்லி அவ்ளோ தூரம் அனுப்பிட்டு என்னால வயித்துல நெருப்பு கட்டிகினு உக்கார முடியாது."

முதலில் காசு கொடுத்துத் தங்குகிற பி.ஜி. இடங்களைப் பார்த்தோம், அம்மாவும் நானும். சந்தாபுராவில் ஒரு இடத்தில் ஒரு ஹாலைப் பிளைவுட் வைத்து ஐந்தாகத் தடுத்திருந்தார்கள். உள்ளே நின்றால் அடுத்த தடுப்பில் இருக்கிறவள் போனில் யாரைத் திட்டுகிறாள் என்பது வரைக்கும் கேட்டது. ஜன்னல் எங்கே என்று கேட்டதற்கு, "ஏ.சி. போடப் போறோம்" என்றார்கள். இன்னொரு இடம் நன்றாகவே இருந்தது. அந்த வீட்டம்மா அன்பாகக் காபி எல்லாம் கொடுத்தார். வீட்டில் என்ன சாமி கும்பிடுவீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். அம்மா பெருமையாக, "புத்தர்ங்க" என்றாள். அவர் சற்று யோசித்துவிட்டு, அந்த அறைக்கு ஏற்கெனவே ஒருவர் சொல்லி வைத்திருப்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். காபி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

மிச்சம் இருந்தது கல்லூரி ஹாஸ்டல் ஒன்றுதான். அதற்கு ஒரு விதி உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம், பெற்றவர்களின் வீடு பெங்களூரில் இருந்தால் கிடையாது. அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. எட்டாவதிலிருந்து பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது வரைக்கும் நான் கே.ஜி.எஃபில், கோலார் தங்கவயலில், சுனில் மாமா வீட்டில் இருந்து படித்தவள். என் ஆதாரில் அந்த விலாசம்தான் இன்னும் இருக்கிறது. வீடு எங்கே என்று கேட்டால் கே.ஜி.எஃப். என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது முழுப் பொய்கூட இல்லை, முக்கால்வாசி உண்மை.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவின் வியாதியைச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் கிருஷ்ணப்பா. இந்த ஊரில் அவர் போனில் தமிழில் பேசினால் பக்கத்தில் யாராவது ஒருவர் திரும்பி, "யாவ ஊரு நிம்து?" என்று கேட்பார். உங்களுக்கு எந்த ஊர் என்பதுதான் கேள்வி. சில பேர் சும்மா கேட்பார்கள். சில பேர் கேட்கிற விதத்திலேயே, வந்த வழியே போ என்பது இருக்கும். எப்படிக் கேட்டாலும் அப்பா ஆரம்பித்துவிடுவார். தாத்தாவின் தாத்தா கன்டோன்மென்டில் வெள்ளைக்காரன் குதிரை லாயத்தில் வேலை பார்த்தது, தான் பிறந்தது பவுரிங் ஆஸ்பத்திரியில், படித்தது கன்னட மீடியம், ஓட்டுப் போடுவது இங்கே. எல்லாம் சுத்தமான கன்னடத்தில், மூச்சு விடாமல். கடைசியில் சட்டைப் பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டுவார். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் நெஞ்சோடு வைத்திருப்பார். "கேசட் ஓடுது" என்று விக்கி கிண்டல் செய்வான்.

கிண்டல் செய்கிறோமே தவிர, காரணம் எங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில் காவிரி கலாட்டா நடந்தபோது அப்பா சின்னப் பையன். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, பீரோவைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்களாம். வெளியே யாராவது கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்லு, தமிழில் வாயைத் திறக்காதே என்று அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குக் கற்றுக்கொண்ட பதிலை இன்றுவரைக்கும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் பஸ்ஸில் போகும்போதே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ப்பா, நீ ஒண்ணும் பேச வேணாம். கேட்டா கே.ஜி.எஃப்.னு ஒரே வார்த்த. புரிஞ்சுதா?"

"தெரியும் ரூபி. நான் இன்னா சின்னப் பையனா?"

"எங்க, சொல்லு பாப்போம். யாவ ஊரு?"

"கே.ஜி.எஃப்." என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அன்று அவருக்கு லீவு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் அட்டை இருந்தது எனக்குத் தெரியும். அதை வாங்கி என் பையில் போட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை.

ஹாஸ்டலில் முறை என்னவென்றால், முதலில் மேலே போய் அறையையும் கட்டிலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரவேண்டும், பிறகு வார்டனிடம் பேச வேண்டும். நான் மட்டும் மாடிக்கு ஓடினேன். இரண்டாவது மாடியில் கடைசி அறை, மூன்று கட்டில். ஒன்றில் சிக்கமகளூரிலிருந்து வந்த சிந்தியா என்கிற பெண் ஏற்கெனவே போர்வை விரித்து, பக்கெட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது.

"அங்க கொசு ஜாஸ்தி. அதான் யாரும் எடுக்கல" என்றாள் அவள், எனக்காகக் கஷ்டப்பட்டுத் தமிழில்.

கொசுவாம் கொசு. மர்பி டவுன்காரியிடமா சொல்வது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ராகி வயல், அதற்குப் பின்னால் பாதி கட்டிய அபார்ட்மென்ட். சுவரில் எனக்கென்று ஒரு அலமாரி, அதற்குப் பூட்டு. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். கையை இரண்டு பக்கமும் நீட்டினேன், யார் மேலும் படவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சிந்தியா பார்க்காத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் சீட்டுக்குப் போடுகிற மாதிரி கட்டிலில் என் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டுக் கீழே வந்து, ஜன்னலையும் கொசுவையும் அம்மாவிடம் சொன்னேன்.

வார்டன் பெயர் ஜெயலட்சுமி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். என் ஆதாரைப் பார்த்தார். "கே.ஜி.எஃபா? சரி" என்றார். அறை எண்ணைக் கேட்டார், சொன்னேன். பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவும் நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது அம்மா என் காதில், "ஒரு கொசுவலை வாங்கிடணும்டி" என்றாள். அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வார்டன் நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, சும்மா பேச்சுக்குத்தான் அப்பாவைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். "ஓ, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்களா?"

அப்பாவின் முதுகு நிமிர்வதை நான் பார்த்தேன். செருப்புக் காலால் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"இல்லை மேடம்" என்று ஆரம்பித்தார். குதிரை லாயம் வந்தது. பவுரிங் ஆஸ்பத்திரி வந்தது. கன்னட வாத்தியார் அவரை எழுப்பிப் பாடம் படிக்கச் சொன்னது வந்தது. நான் "ப்பா" என்றேன். அம்மா இருமினாள். ஓடுகிற பஸ்ஸுக்குப் பிரேக் போடத் தெரிந்த மனிதர், தன் வாய்க்குப் போடத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார்.

வார்டன் முகம் மலரக் கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு சுத்தமாகப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே இந்தக் கன்னடம் வராது" என்றார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கேசட்டை முழுதாகக் கேட்டுவிட்டு ஒருவர் பாராட்டியது அதுதான் முதல்முறை. பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. எனக்காக ஏதோ ஜெயித்துக் கொடுத்துவிட்ட மாதிரி சிரித்தார்.

வார்டன் கண்ணாடியை இறக்கி அட்டையைப் படித்தார். "அப்படியானால் வீடு இப்போதும் மர்பி டவுனில்தானா?"

"ஹௌது மேடம், பிறந்ததிலிருந்து..." அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. வார்டன் பேனாவை மூடி வைத்தார்.

"மேடம், அது... கே.ஜி.எஃப்..." என்றார் அப்பா. அவருக்குக் கன்னடம் திக்கி நான் பார்த்ததே இல்லை.

அம்மா கும்பிட்டாள். நான் கெஞ்சினேன், மூன்று பஸ்ஸைச் சொன்னேன், எட்டு மணி வகுப்பைச் சொன்னேன். வார்டன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எனக்குப் புரிகிறதம்மா. ஆனால் இருக்கிற கட்டிலை லோக்கல் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பீதரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து வாசலில் நிற்கிற பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். அந்த அம்மாவை வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

கேட்டைத் தாண்டும்போது சிந்தியா மாடியிலிருந்து ஓடி வந்தாள். கையில் என் கர்ச்சீப், நன்றாக மடித்திருந்தாள். "வேற ஒரு பொண்ணு வந்திருக்கு" என்றாள், அவளே தப்பு செய்தது போல. வாங்கிக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வரும்போது மார்க்கெட் பஸ்ஸில் மூன்று பேருக்கும் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. நடுவில் அப்பா. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே திட்டி முடித்தாள். "வாயி, வாயி, அந்த வாயிதான்யா உனக்கு எமன்" என்றாள். பிறகு என்னிடம், "நாளைக்கே போய் பி.காம். சேந்துடு. சீட்டு இருக்காம், விசாரிச்சிட்டேன்" என்றாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். அந்த அட்டையை வாங்கி அடுப்பில் போடலாமா என்றுகூட இருந்தது.

பொம்மனஹள்ளி தாண்டியதும் விக்கி போன் செய்தான். அப்பா மெதுவாக, "கெடைக்கலடா. வந்து சொல்றேன், சிக்காபட்டே டிராஃபிக், வண்டி ஊர்ந்துகினு போவுது" என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தார். முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பினார். அப்பா வயசுதான் இருக்கும். எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாவ ஊரு நிம்து?" என்றார். சும்மா கேட்கிற கேள்வி அல்ல அது.

இதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை ஆரம்பிக்கட்டும் என்றும் இருந்தது. குதிரை லாயத்திலிருந்து வாக்காளர் அட்டை வரைக்கும் ஒன்று விடாமல் இந்த ஆள் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும், நான் தடுக்க மாட்டேன் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அப்பாவின் கை சட்டைப் பைமேல் இருந்தது.

"கே.ஜி.எஃப்., சார்" என்றார்.

அந்த ஆள் "ம்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். பஸ் சில்க் போர்டு வரிசையில் போய் நின்றது. அப்பா என் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "இப்போ கரெக்டா சொன்னேனா, ரூபி?" என்று கேட்டார்.

சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கர்ச்சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"கரெக்டாதான் சொன்னே" என்றேன்.