நாக்கில்லாத திருஷ்டி மூஞ்சி

கோகிலவாணிக்குப் படம் வரைகிற பைத்தியம் உண்டு. கோழித்தீவனக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம் ஒன்றைக்கூட விட்டுவைக்க மாட்டாள். கோழி, போர்வெல் போடுகிற லாரி, ஜேடர்பாளையம் தடுப்பணைத் தண்ணீர் எல்லாம் வரைவாள். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும்தான். பிள்ளையாரை வரையச் சொன்னால்கூடக் கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பென்சிலைத் தொடுவாள். அந்தக் கையின் குணம் அப்படி, என்ன செய்வது?

வீட்டில் அதற்கு மரியாதையா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. அவள் புருஷன் ஜெகதீஸ்வரன் கோழிப்பண்ணைக்குப் போகும்போது அந்தத் தாள்களில்தான் வடையை மடித்துக்கொண்டு போவான். மாமியார் பெருமாயி மட்டும், "பொழுது போவோணுமில்ல, கிறுக்கட்டும்" என்பாள். அதுவே பெரிய பாராட்டு.

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் ஜெகதீஸ்வரன் ஒரு ப்ளைவுட் பலகையைக் கொண்டுவந்து போட்டான். "ஏம்புள்ள, வாசலுக்கு ஒரு திருஷ்டி மூஞ்சி வரை. உன்ற படம் ஒண்ணுக்காச்சும் ஒதவட்டும்."

முதல் முறையாக அவளிடம் ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள். கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் இருந்தது. கண்ணை உருட்டினாள், மீசையை முறுக்கினாள். நாக்கைத் தொங்கவிடப் போனால் கை கேட்கவில்லை. கீழுதட்டின் இடது ஓரத்தைப் பல்லால் கடிக்க வைத்தது. இடது புருவத்தை ஏற்றியது. நெற்றியில் ஒரு நரம்பை இழுத்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தவள் சட்டென்று பிரஷ்ஷை மறுபடியும் பெயின்ட்டில் முக்கினாள். அழித்துவிடலாம், ஒரு பூச்சு போதும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் வரைந்ததிலேயே உயிருள்ள படம் இதுதான். பாழாய்ப்போன மனசு, அழிக்க விடவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் பால் பொங்கி, பந்தியும் முடிந்தது. ராசிபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிய பெருமாயி, போகிற போக்கில் அந்தத் துணியை விலக்கினாள்.

"ஏங்கண்ணு, நாக்கக் காணமே? திருஷ்டி மூஞ்சின்னா..."

தோளிலிருந்த பை நழுவி விழுந்தது. "உன்ற மாமனார நீ பாத்ததே இல்லியே சாமி."

"இல்லீங்கத்தை." அவள் கல்யாணமாகி வருவதற்கு ஏழு வருஷம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"கையோங்கறதுக்கு முந்தி அவரு இப்படித்தான் ஒதட்டக் கடிப்பாரு." பெருமாயி பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாக்காதத நீ வரைய மாட்டியே. இத எங்க பாத்த?"

கோகிலவாணி முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சித்திரை வெயிலில் எதற்கு முழுக்கை என்று பெருமாயி ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்குள் பந்தி பரிமாறிய ராசு பலகையைத் தூக்கிக்கொண்டு போய், வாசலில் ஏணி மேல் நின்ற ஜெகதீஸ்வரனிடம் நீட்டிவிட்டான். அவன் இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"மாப்ள, அப்படியே உன்னயாட்டமே இருக்குது" என்றார் கீழே நின்ற ஒருவர். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். நான்கு ஆணியையும் நிதானமாக அடித்து முடித்து, இறங்கி, நேராக மனைவியிடம் வந்தான்.

"நல்லாத்தான் வரஞ்சிருக்கற" என்றான், மெதுவாக. "வந்தவங்கெல்லாம் போவட்டும்."

கீழுதட்டின் இடது ஓரம் பல்லுக்குள் போனது.

பெருமாயி கீழே கிடந்த பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து மருமகளை ஒட்டி நின்று, "நா எங்கயும் போவல" என்றாள். கோகிலவாணி அவள் கையைப் பிடித்தாள்.

வாசலில் முதல் வண்டி கிளம்பியது.