பச்சை விளக்கு

"ரிலீஸை நிறுத்துங்க, கலோயன்."

சொல்லியேவிட்டாள். ப்ளோவ்திவ் நகரில் இந்த மென்பொருள் வேலை கிடைத்தபோது தெனிட்சாவின் அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "சம்பளம் கேளு, லீவு கேளு. நிறுத்துன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே." அம்மா குடமிளகாய் பதப்படுத்தும் ஆலையில் நின்று வேலை செய்பவள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, ஓடுகிற பெல்ட்டை நிறுத்தச் சொன்னதற்கு அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அம்மா கட்டிக்கொடுத்த சீதனம் அந்தப் பயம்.

குழுத்தலைவன் கலோயன், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைப் பிய்த்தபடி நிமிர்ந்தான். "உங்கம்மா ஆலைக் குடமிளகாய்க்குக் காரமில்லேன்னு எவன் சொன்னான்? சுவத்துல விளக்கைப் பாரு. பச்சை. எல்லா டெஸ்ட்டும் பாஸ்."

"டெஸ்ட் நாம கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும். கேக்க மறந்ததை இன்னொண்ணு சொல்லிச்சே, அதோட வாயைக் கட்டினது யாரு?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

நிரலை ஓட்டாமலே, வரிவரியாக வாசித்து 'இங்கே இடறும்' என்று எச்சரிக்கும் கருவியைத்தான் சொன்னாள். வீண் எச்சரிக்கை என்று தோன்றினால், 'பொருட்படுத்தாதே' என ஒரு வரி எழுதி அதை அடக்கலாம். எழுதியவர் பெயர் அங்கேயே நிற்கும். நின்றது கலோயனின் பெயர். எழுதியது, அவன் மகள் குறைமாதத்தில் பிறந்த வாரம். ஆஸ்பத்திரி நடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எழுதியிருப்பான்.

அதை அவன் முகத்தில் வீச அவள் நாக்கு துடித்தது. வீசவில்லை. மேசைமேல் இருந்த சோதனைப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி. அதற்குத்தான் அவர்கள் நிரல் எழுதினார்கள். வெப்பமானியின் ஒயரை உருவினாள்.

திரையில் 36.5 அப்படியே நின்றது. அடித்தகடு சூடாகிக்கொண்டே போனது. மணி அடிக்கவில்லை. அடக்கப்பட்ட எச்சரிக்கை சொன்னது இதைத்தான்.

கலோயன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். சுரீரென்று விரலை இழுத்துக்கொண்டான்.

"என் பொண்ணு யோவானா இருந்த பெட்டியிலயும் இப்படித்தான் ஒரு நம்பர்" என்றான், குரல் இறங்கி. "அது சரியா இருந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்."

"தெரியும். ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுவந்தேனே. உட்கார்ந்தபடியே தூங்கிட்டிருந்தீங்க."

"எழுப்பியிருக்கலாம்ல."

"மனசு வரல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நிரல் இன்னிக்குப் போகலேன்னா ஒப்பந்தம் போச்சு, தெனிட்சா. எல்லார் வேலையும் போச்சு. இப்ப அனுப்பிடுவோம், அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவோம்."

"அதுவரைக்கும் எந்தக் குழந்தையும் காலை உதைக்கக்கூடாது, எந்த ஒயரும் கழலக்கூடாது. அப்படித்தானே?"

சுவரில் விளக்கு சிவப்பானது.

"உன் வேலையா?"

"அந்த 'பொருட்படுத்தாதே' வரியை எடுத்துட்டுத்தான் உங்ககிட்டயே வந்தேன். கருவி இப்பத்தான் மறுபடி வாசிச்சு முடிச்சிருக்கு. பெட்டி வாங்குறவங்களுக்கும் எழுதிட்டேன். உங்க பேரைப் போடல. 'நாங்க அடக்கிட்டோம்'னு போட்டிருக்கேன்."

"மேல இருக்கறவங்க உன்னை வெச்சிருக்க மாட்டாங்கம்மா."

"இங்க வந்து நிறுத்துன்னு சொன்னப்பவே தெரியும்."

ஒயரை மறுபடி செருகினாள். பனிட்சாவோடு அவன் வைத்திருந்த குளிர்ந்த மோர்ப் புட்டியை எடுத்து, அவனுடைய சிவந்திருந்த விரலில் ஒற்றி, அவன் கையிலேயே கொடுத்தாள். "கொஞ்ச நேரம் இப்படியே பிடிச்சுக்கோங்க."

தன் அலுவலக நுழைவு அட்டையைப் பனிட்சாத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.