பத்தொன்பது பாட்டில் தண்ணீர்

முதல் பாட்டிலை வாங்கிக்கொண்டதுதான் எவரிஸ்தோ செய்த தப்பு. கொர்தோபாவிலிருந்து கிளம்பிய நான்காம் நாள், ஒஸ்மார் என்ற லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தார். எவரிஸ்தோவின் சக்கர நாற்காலிச் சக்கரத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு லிட்டர் தண்ணீரை நீட்டினார்.

"போற வழியில வயெசித்தோ கோயில்ல திபுந்தாவுக்கு வெச்சிடு தம்பி. நான் எப்பவும் ஆரன் அடிச்சிட்டுப் போறதோட சரி. நீ கையால பெடல் சுத்திக்கிட்டுப் போற. உன் நேர்த்திக்கடனோட என்னோடதும் சேரட்டும்."

"நேர்த்திக்கடன் இல்லண்ணே. முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கு, அதுக்குப் பணம் திரட்டுறேன். பின்னாடி பலகையில எழுதியிருக்கு பாருங்க."

"சரி சரி, எல்லாத்தையும் வெளிய சொல்லக்கூடாதுதான்" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு சாலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. திபுந்தா, பாலைவெளியில் தாகத்தில் செத்த ஒரு தாய்; அவளுக்குத் தண்ணீர் வைக்காமல் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. இப்போது அவர்கள் சார்பில் கொண்டுபோக ஒருவன் கிடைத்துவிட்டான். லாரிகள் நின்றன, பாட்டில்கள் சேர்ந்தன. பலகையை ஒருவரும் படிக்கவில்லை. செப்பஸ் ஊரைத் தாண்டும்போது பின்னால் இழுத்துவந்த சின்ன வண்டியில் பத்தொன்பது பாட்டில்கள் இருந்தன. ஒருமுறை முள்மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, ஒன்றைக் கொட்டிவிடலாம் என்று மூடியைத் திறந்தான். காய்ந்து வெடித்த அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே திரும்ப மூடிவிட்டான். அவனுக்குத் திபுந்தா மேல் நம்பிக்கை கிடையாது.

கூரைக்குத் தகடு அடிக்கும் வேலையில் இருந்தவன். ஆறு வருடத்துக்கு முன் விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. உட்காரவும், உருளவும், கட்டிலுக்கு மாறவும் கற்றுக்கொடுத்த இல்லத்தில் பயிற்சிக்கான வெந்நீர்க் குளம் பணமில்லாமல் இரண்டு வருடமாக வறண்டு கிடந்தது. அதற்காகத்தான் நாற்காலியின் முன்னால் கைப்பெடல் சக்கரம் ஒன்றை மாட்டிக்கொண்டு சான் ஹுவான் வரை கிளம்பினான். காரில் பின்தொடர்வதாகச் சொன்ன மைத்துனன், வேலை போய்விடும் என்று மூன்றாம் நாளே திரும்பிவிட்டான்.

தனியாகப் போவதில் ஒரே ஒரு பயம்தான். உட்காரும் இடத்தில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் உட்கார்ந்தால் எலும்புவரை போகும், பிறகு மாதக்கணக்கில் குப்புறக் கிடக்க வேண்டியதுதான். தினமும் காலையில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வான். எட்டாம் நாள் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. தண்ணீரின் கனத்தால் ஆறு மணி நேரத்தில் போகிற தூரத்துக்குப் பத்து மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் உட்கார்ந்தே இருந்தான்.

பத்தாம் நாள் மதியம் நெலிதா என்பவளின் எம்பனாடா பலகாரக் கடையில் நின்றான். சாலையோரத்தில் அந்த ஒரு கடைதான். அவளும் கையில் ஒரு பாட்டிலோடுதான் வந்தாள்.

"அம்மா, அதை அப்புறம் தாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்." மேசைமேல் இருந்த மாத்தே பானம் உறிஞ்சும் குழலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என் பின்பக்கத்தை நீங்க பாக்கணும்."

"எதுக்கு, உன் நேர்த்திக்கடனுக்கா?"

"இல்லம்மா. புண் இருக்கான்னு. எனக்குத் தெரியாது."

நெலிதா பாட்டிலைக் கீழே வைத்தாள். "நாலு பிள்ளைக்குக் குண்டி கழுவினவ நான். உள்ள வா."

உள்ளறைக் கட்டிலில் குப்புறப் படுத்தான். சுவரில் போன வருடத்து நாள்காட்டி. எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியது.

"பாத்தீங்களா?"

"விரலை வெச்சு அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன். இடது பக்கம். வெளுக்கல தம்பி, செவப்பாவே இருக்கு."

வயெசித்தோவுக்கு இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

நாற்காலி வாசலிலேயே நின்றது. ஆட்கள் வந்தார்கள். சக்கரத்தைத் தொட்டார்கள், பாட்டில் வைத்தார்கள், மெதுவாக ஏதோ வேண்டிக்கொண்டார்கள். "ஆள் எங்க?" "உள்ள படுத்திருக்கு." "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியே லாரிகள் கிளம்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தான். செல்போனில் சிக்னல் இல்லை.

அங்கே படுத்த நான்காம் நாள் ஒஸ்மார் திரும்பி வந்தார். அவர் மட்டும் அறைவாசல் வரை வந்தார்.

"என்னப்பா, திபுந்தா காத்துக்கிட்டிருக்கா, நீ இங்க தூங்குற? வா, லாரியில ஏத்திக்கிறேன்."

"லாரியில போனா நேர்த்திக்கடன் செல்லாது" என்றாள் நெலிதா.

"நேர்த்திக்கடனே இல்லன்னு எத்தனை தடவை சொல்றது!" எவரிஸ்தோ படுத்தபடியே கத்தினான். "இந்தத் தண்ணியை இழுத்துத்தான் எனக்கு இந்தக் கதி. அண்ணே, உங்க தண்ணியை நீங்களே கொண்டுபோங்க. எல்லாத்தையும்."

ஒஸ்மார் தொப்பியைக் கழற்றினார். "நான் உக்காந்த இடத்துல ஓட்டுறவன். நான் வெச்சா அவளுக்கு என்ன பெருசா தெரியப்போகுது?"

"நானும் உக்காந்த இடத்துலதான்ணே போறேன்."

அவர் வெளியே போனார். பாட்டில்களை நான்கு நடையில் லாரியில் ஏற்றினார். கடைசி நடையில் பலகை முன்னால் நின்று, உதடு அசையப் படித்தார்.

மறுநாள் காலை நெலிதா கை கழுவிவிட்டு வந்தாள். அவன் பின்னால் குனிந்தாள்.

"வெளுக்குது."

"நிஜமாவா?"

"விரலை எடுத்தா வெள்ளையா ஒரு வட்டம், அப்புறம் மெதுவா சிவக்குது. இன்னும் ரெண்டு நாள் கிட. அப்புறம் போ. வண்டியும் காலியா இருக்கு."

இனி போகலாம். முன்னால் நேர்க்கோட்டில் கிடக்கும் சாலையை நினைத்துப் பார்த்தான். அங்கே எல்லோரும் சக்கரத்தைத்தான் தொடுவார்கள், அவனை இல்லை.

"இன்னொரு தடவை பாத்துடுங்கம்மா."

காத்திருந்தான். நாள்காட்டி காற்றில் ஆடியது.

"தொட்டாச்சா?"

"தொட்டு எவ்வளவு நேரமாச்சு" என்றாள்.