எண்பத்து மூன்றாவது பலகை

அந்த வீடு ஏரிக்குள் நின்றது. கரையிலிருந்து அதற்குப் போக ஒரே வழி, தூண்கள் மேல் வரிசையாக அடித்திருந்த எண்பத்து மூன்று பலகைகள். அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் அடியில் கிடந்த சேறு ஆளையே விழுங்கும். இறங்கி நடக்கவும் முடியாது, நீந்தவும் முடியாது.

வீட்டில் இருந்தவர் ஏரியின் அளவுக்காரர். வாசல் தூணில் அடித்திருந்த எண்பட்டையைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாளுக்கு மூன்று வேளை ஆபீசுக்குப் போனில் சொல்வதுதான் அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. துண்டை மடித்தால்கூட நான்கு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

முந்தின வருடம் அந்தப் பாலத்துக்கு யாரையோ கூப்பிட்டுப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார். ஒரே மழைக்காலம். கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, மீன் செதில் மாதிரி உரிந்து வந்துவிட்டது. இந்தத் தடவை விசாரித்துத்தான் ஆள் பிடித்தார். வந்து நின்றது ஒரு பெண்மணி. நாற்பத்து நாலு வயது, முழங்காலில் தோல் ஒட்டுப் போட்ட பேண்ட், காதோரம் ஒரு பென்சில்.

குனிந்து நாலு பலகையைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"பெயிண்ட் மேலதான் சார் உட்காரும். தண்ணி எப்படியாவது அடியில பூந்துக்கும். பூந்த தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல. அதான் இப்படி உரியுது. இதுக்கு எண்ணெய்ச் சாயம்தான் சரி. அது மரத்துக்குள்ளயே போயிடும். உரியறதுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

"உள்ள போயிட்டா, அது இருக்குங்கறது எப்படித் தெரியும்?"

"மழை பெஞ்சா தெரியும் சார்."

அளவுக்காரருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அவளை வீட்டில் 'மேகம்' என்பார்கள். அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால், வழியில் யாரோ கிணறு தோண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, பொழுது சாய்ந்தபின் வெறுங்கையோடு வருவாள். வளர்ந்தும் அது போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் எங்கேயோ போய்விடும். பேசி வைத்த ஒரு கல்யாணம் அப்படித்தான் கைநழுவிப் போனது. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்தபோது, "அந்தக் கதவு என்ன மரம்?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன், அண்ணியோடு இருந்தாள். அண்ணனும் அவளும் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். மனசு எங்கே போனாலும் அவள் கை மட்டும் வழி தவறாது என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வான்.

நாலு நாள் பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவினாள். பிறகு மூன்று நாள் காயவிட்டாள். நாலாம் நாள் காலையில் ஒரு பலகை மேல் நாலு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். மரம் அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. தாகமாகத்தான் இருக்கிறது, சாயமும் உள்ளே போகும் என்று அர்த்தம். வெயில் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாதபடி வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. சாயம் வைக்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அண்ணன் டின்களைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனான்.

முறைப்படி பார்த்தால், வீட்டு வாசலில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து கரையில் வந்து முடிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததா? முதல் நாள் தொழிலுக்கு வருகிறவனுக்கே தெரியும். ஆனால் கரையோரப் பலகைதான் அதிகம் அடிபட்டிருந்தது. நிறம் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க அந்த ஒரு பலகைக்கு மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தாள். டின்னின் அடிவரை குச்சியை விட்டுக் கலக்கி, பிரஷைத் தோய்த்து, ரேகை போகும் திசையில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

செத்துப்போன மாதிரிச் சாம்பலாகக் கிடந்த பலகை கண் திறந்தது. உள்ளே இருந்து ரேகைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அடர்ந்த தேன் நிறத்தில் ஒரு நதி, அதன் நடுவே ஒரு கணு, கணுவைச் சுற்றிச் சுழி. இத்தனை நாள் இது எங்கே இருந்தது? வெட்டுமுனைகள்தான் அதிகம் குடிக்கும். அவற்றுக்கு மூன்று தடவை கொடுத்தாள். அடுத்த பலகையில் என்ன இருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. அதற்கு அடுத்ததிலும்.

அப்புறம் அவளுக்குக் கணக்கு இல்லை. இரண்டு மூன்று பலகைக்குச் சாயம் வைப்பாள். கால்மணி நேரம் அது உள்ளே இறங்கக் காத்திருப்பாள். மரம் வேண்டாமென்று மேலே விட்டதைப் பழந்துணியால் துடைத்து எடுப்பாள். துடைக்காவிட்டால் பிசுபிசுவென்று மாசக்கணக்கில் ஒட்டும். பிறகு ஒரு அடி பின்னால் நகர்வாள். காத்திருக்கும் நேரத்தில் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்த்தாள். மேலே ரேகை ஓடியது, கீழே ஏரி ஓடியது. சற்று நேரத்தில் எது எதுவென்று தெரியவில்லை. தான் ஒரு பெரிய மரத்தின் உள்ளே, வருஷ வளையங்களுக்கு நடுவே, மெதுவாகப் பின்னோக்கி நடந்து போவது போல இருந்தது.

முதுகில் ஏதோ இடித்தது. வீட்டுக் கதவு.

எண்பத்து மூன்றாவது பலகையின் மேல் மண்டியிட்டபடி நிமிர்ந்து பார்த்தாள். கரைவரைக்கும் ஈரம் மின்னியது.

"ஐயோ, போச்சு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கதவு திறந்தது. அளவுக்காரர் நின்றார். அவளைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"அம்பதாவது பலகையிலயே பார்த்தேன்," என்றார்.

"சொல்லக் கூடாதா சார்?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். எட்டி உங்க முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோணல. திரும்பப் போயிட்டேன்."

அவள் கடைசிப் பலகையையும் முடித்துவிட்டு நிலைப்படிக்குள் காலை வைத்தாள். வேறு வழி?

"ஒண்ணு பண்ணுங்க. நடந்து போயிடுங்க. கால் தடம் பட்டா பட்டுட்டுப் போகட்டும்," என்றார் அவர்.

"ஏன் சார், நாலு நாள் தேய்ச்சுக் கழுவி வச்சது நான்தானே. நானே மிதிக்கவா? இந்தக் காத்துக்கு நாளைக்குச் சாயந்தரம் ஆயிடும் காய."

சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் வண்டியோடு வந்தார்கள். கரையில் நின்ற அண்ணனுக்கு ஒரு நிமிஷம் எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

"மேகம், நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு உனக்குத் தெரியுதா?" என்று கத்தினான்.

"தெரியுதுண்ணா."

"எப்பத் தெரிஞ்சது?"

"கதவு இடிச்சப்ப."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் எழுந்து, அக்கரைக்குப் போய்ப் படகுக்காரரைத் தட்டைப் படகோடு கூட்டி வருகிறேன் என்று கிளம்பினான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கதவடியில் நின்ற இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"படகுக்காரர் ஊர்லயே இல்லயாம். கடையில சொன்னாங்க," என்றாள். பிறகு தண்ணீருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். "சார், பின்னறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கும்மா. எண்ணெய் போட்டு வச்சிருக்கேன், சுலபமா விழும்," என்றார் அளவுக்காரர், ரொம்பப் பொறுப்பாக.

"அப்ப சரி. நாளைக்கு வரோம்."

அவர்கள் போன பிறகு ஏரியில் ஒளி மெல்ல வடிந்தது. அவர் முட்டை வேகவைத்தார். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கப் டீயை ஆறவிட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மூக்கைச் சுளித்தாள். "சார், என்னமோ கருகுது."

"அடுப்பு அணைச்சிட்டேனே."

"அடுப்பு இல்ல. எண்ணெய். என் துணியெல்லாம் எங்க?"

சாயம் துடைத்த துணிகளை அவள் பின்கட்டில் கைப்பிடி மேல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டிருந்தாள். இப்போது கைப்பிடி காலியாகக் கிடந்தது.

"மடிச்சு வச்சேன். தாறுமாறா கிடந்துச்சு. பின்னால கூடையில இருக்கு," என்றார் அவர்.

அவள் ஓடினாள். பிரம்புக் கூடையில் இருபது துணிகள், மூலைக்கு மூலை பொருந்தி, அழகாக அடுக்கியிருந்தன. நடுவிலிருந்து நூல் போலப் புகை எழுந்துகொண்டிருந்தது. கூடையைத் தூக்கினாள். அடி சுட்டது. அப்படியே படியிறங்கி ஏரியில் அமிழ்த்தினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். கூடையின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிய ஓட்டை.

அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "யாரும் பத்த வைக்கலயே."

"யாரும் பத்த வைக்க வேண்டாம் சார். இந்த எண்ணெய் காயும்போதே சூடாகும். பிரிச்சுப் போட்டா சூடு காத்துல போயிடும். மடிச்சு அடுக்கினா போக வழி இல்ல, தானாப் பத்திக்கும். உங்களுக்குச் சொல்லாதது என் தப்பு. சொல்லணும்னு இருந்தேன். எங்கயோ போயிட்டேன்."

அவர் படியில் உட்கார்ந்தார்.

"அவ இருந்தவரைக்கும் இந்த வீடு இப்படி இருக்காது," என்றார். "செருப்பு ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. அவ போனப்புறம் நான் மடிக்க ஆரம்பிச்சேன். மடிச்சா நாள் நகருது. அதான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நனைந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து அவரிடம் நீட்டினாள். அவர் அவற்றைக் கைப்பிடி மேல் கோணல்மாணலாகப் போட்டார். முதல் இரண்டை நேராகப் போட்டுவிட்டு, பிறகு வேண்டுமென்றே இழுத்துக் கோணலாக்கினார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.

மறுநாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் போனது. பாலம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மூன்று வேளை அளவு பார்த்தார். அவள் கூடவே போய்ப் பார்த்தாள். தண்ணீர் ஒரே அளவில்தான் நின்றது. ஆனால் காலையில் பார்த்த நிறம் மத்தியானம் இல்லை என்று அவள் சொன்னாள். இருபது வருடமாக எண்பட்டையை மட்டும் பார்த்தவர், அன்றுதான் நிறத்தைப் பார்த்தார். உங்களுக்கு ஏன் மேகம் என்று பெயர் என்று கேட்டார். கிணற்றுக் கதையையும் கதவுக் கதையையும் சொன்னாள்.

"அது என்ன மரம்?" என்று கேட்டார் அவர்.

இத்தனை வருடத்தில் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "தேக்கு," என்றாள். "மேல அசிங்கமா நீலப் பெயிண்ட்."

சாயங்காலம் பலகையைத் தொட்டாள். விரலில் ஒட்டவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணன் கரையில் காத்திருந்தான்.

"அடுத்த தடவை எப்ப வைக்கணும்?" என்று கேட்டார் அளவுக்காரர்.

"நல்லா உள்ள போயிருக்கு. மூணு வருஷம் தாங்கும்."

"மூணு வருஷமா," என்றார் அவர். கதவின் கைப்பிடியைத் தடவினார்.

அவள் போய்விட்டாள். வேறொரு தெருவில் ஒரு தோட்டத்து வேலிக்குச் சாயம் வைத்தாள். ஒன்பது நாள் வைத்தாள். மனசு போகிற இடத்துக்கு எப்போதும் பெயர் இருந்ததில்லை. இந்தத் தடவை இருந்தது. பத்தாம் நாள் சாப்பிடும்போது அண்ணியிடம், "அந்தப் படகுக்காரர் ஊர்ல வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"அவர் எங்க போனார்? அன்னைக்கும் அக்கரையில வலை காயப் போட்டுட்டுதான் இருந்தார்," என்றாள் அண்ணி, குழம்பைக் கிளறியபடி. "நான் விசாரிக்கவே இல்ல."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு மறுபடியும் ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

அன்று மத்தியானம் அவள் பிரஷ் இல்லாமல், டின் இல்லாமல் பாலத்தில் நடந்து போனாள். கதவைத் தட்டினாள்.

"வேலை ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன்," என்றாள். இந்தத் தடவை 'சார்' விட்டுப்போயிருந்தது.

அவர் இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வெயில் படுகிறது என்று நகர்த்தினார். காற்று வரவில்லை என்று மறுபடி நகர்த்தினார். "உட்காருங்க முதல்ல," என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். பொழுது போவது இருவருக்கும் தெரியவில்லை.

குளிர் தொடங்கிய மாதத்தில் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். அண்ணியைத் தனியே கூப்பிட்டு வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அண்ணன் சாட்சிக் கையெழுத்தைத் தப்பான இடத்தில் போட்டு, கிளார்க்கிடம் திட்டு வாங்கினான். எல்லோரையும் வழியனுப்பிவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பாதி வழியில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தது. அவர் எழுப்பவில்லை. பஸ் கடைசி நிறுத்தம்வரை போய் நின்ற பிறகு அவளே கண் விழித்தாள். இறங்கி, ஏரிக்கரை வழியாக, தாண்டி வந்த தூரமெல்லாம் நடந்தே திரும்பினார்கள்.