எட்டு மீற்றர்

ஜெகதீஸ்வரிக்கு இரண்டு முழங்கால்களும் ஒரே நேரத்தில் இறுகிப் போயிருந்தன. குந்தியிருந்து புல்லுப் பதிக்கிற வேலை மூன்றாவது கிழமையாக நடக்கிறது. எழும்புவதென்றால் முதலில் இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்த வேண்டும்.

"தலைவி மாடு எழும்பிற மாதிரியெல்லோ எழும்பிறா," என்றாள் லக்சிகா. குளக்கட்டின் சரிவு முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள்.

"சிரியுங்கோடி. ரெண்டு பிள்ளை பெத்து, இருபது வருசம் மண் சுமந்துபோட்டு நீயும் எழும்பு. நான் வந்து வாலைப் பிடிச்சுத் தூக்கிவிடுறன்."

நிமிர்ந்ததும் அந்த எட்டு மீற்றர் கண்ணில் பட்டது. கிழக்கே ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பு உயர்த்திய கட்டு. மேற்கே அவளுடைய மாதர் சங்கம் உயர்த்திய கட்டு. இரண்டும் புதுக் கிறவல் மண்ணில் சிவந்து, பழைய கட்டுக்கு மேல் நெஞ்சளவு உயர்ந்து வந்து, சட்டென்று நின்றுவிட்டன. நடுவில் பழைய கட்டு அப்படியே கிடந்தது. மாடும் உழவு இயந்திரமும் ஏறி இறங்கித் தேய்ந்த பள்ளம் அது. முழுக் கட்டிலும் ஆகப் பதிந்த இடம்.

வேலன்மருதங்குளம் என்ற அந்தக் கிராமம் கனகராயன்குளத்திலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீற்றர். அறுநூற்று நாற்பது மீற்றர் கட்டைத் திருத்த நாற்பத்தொரு லட்சத்துக்குக் கிட்ட வேண்டும் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். ஆனால் ஊர்ச் சங்கங்களுக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடிய வேலைக்கு இருபது லட்சம்தான் எல்லை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் பதிவுசெய்த கொந்தராத்துக் கொம்பனிகளிடம் விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும். ஒரு சங்கத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றும் விதி இருந்தது. ஆகவே அரசாங்கக் கந்தோரில் குளக்கட்டைக் கடதாசியில் இரண்டாக வெட்டினார்கள். ஆளுக்குப் பத்தொன்பது லட்சத்து எண்பத்தையாயிரம். புருசன்மார் கமக்கார அமைப்பு, பெண்சாதிமார் மாதர் சங்கம். பகலில் ரெண்டு கொந்தராத்து, இரவில் ஒரு பாய் என்று ஊரில் பகிடி ஓடியது.

வெட்டியது போக மிஞ்சியது அந்தப் பள்ளம்.

தொழில்நுட்ப உத்தியோகத்தன் நிஷாந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய உடனே ஜெகதீஸ்வரி அவனை மறித்துப் பள்ளத்தைக் காட்டினாள். ஊர் அவனை ரீ.ஓ என்றுதான் கூப்பிடும்.

"ரீ.ஓ தம்பி, உதை என்ன செய்யப் போறியள்?"

"அக்கா, உது உங்கடை வேலையிலை இல்லை."

"அது எனக்கும் தெரியும். ஆற்றை வேலையிலை கிடக்குது?"

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். "அது பள்ளம் எண்டதாலை கூட மண் பிடிக்கும். ஒரு லட்சத்து இருபதாயிரம். உங்களுக்குப் போட்டால் உங்கடை வேலை இருபதைத் தாண்டும். அப்புத்துரை ஐயாவின்ரை அமைப்புப் பக்கம் போட்டால் அவற்றை வேலை தாண்டும். பாதி பாதியாய்ப் பிரிச்சாலும் ரெண்டும் தாண்டும். தாண்டினால் சங்கத்துக்கு இல்லை. கேள்வி கோரி, வெளியிலை இருந்து கொம்பனி வாறதுக்குள்ளை வருசம் முடிஞ்சு காசு திரும்பிப் போயிடும். உங்கடை நாற்பத்திரண்டு பேருக்கும் சம்பளம் இல்லை. எழுதட்டோ?"

"எழுதாதேங்கோ."

"அப்ப அதை அடுத்த வருசம் பாப்பம்."

"மழை அடுத்த வருசமோ வரும்?"

அவன் தலைக்கவசத்தை மறுபடி மாட்டினான். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. அவனும் எங்கேயோ ஒரு பெரியவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன்தான்.

கமக்கார அமைப்பின் தலைவர் அப்புத்துரையிடம் போனாள். அவர் தன்னுடைய பகுதியின் எல்லை முளைக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை துப்பினார். "எங்கடை முளை முன்னூற்றுப் பத்து மீற்றரிலை நிக்குது, பிள்ளை. உங்கடை முன்னூற்றுப் பதினெட்டிலை நிக்குது. நடுவிலை நிக்கிறது கவுண்மேந்து."

"கவுண்மேந்து தண்ணியைப் பிடிக்குமோ அண்ணை?"

"பிடிக்காது. ஆனால் நாங்கள் பிடிக்கப் போனால் எங்களைப் பிடிக்கும்."

றோலர்காரன் பிரதாபன்தான் வழி சொன்னான். சேற்றை வழித்து, இரண்டு பக்கமும் படி வெட்டி, அரையடி அரையடியாக மண் போட்டு, ஒவ்வொரு படைக்கும் றோலர் ஓட்ட வேண்டும். ஒன்றரை நாள் வேலை. "வாடகையும் டீசலும் தாங்கோ, நிண்டு செய்து தாறன்." சங்கத்தின் வங்கிப் புத்தகத்தில் காசு இருந்தது. ஆனால் அந்தக் காசு முன்னூற்றுப் பதினெட்டிலிருந்து அறுநூற்று நாற்பது வரைக்கும் மட்டும் வந்த காசு. வெளியே ஒரு ரூபாய் செலவழித்ததாகக் கணக்காய்வில் பிடித்தால் சங்கத்தைத் தகுதி நீக்கி வைப்பார்கள். பக்கத்து ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கம் அப்படித்தான் மூடிக் கிடக்கிறது. ஜெகதீஸ்வரி ஒரு இரவு யோசித்தாள். காலையில் பிரதாபன் றோலரைப் பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அவள் மறிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாத சிரமதானம் என்று சொல்லிப் பெண்களைக் கூப்பிட்டாள். அப்புத்துரை எண்ண மறந்த மூன்று டிப்பர் மண் பக்கத்தில் கிடந்தது. மண் சுமக்கிற இரும்புத் தாச்சியில் அள்ளிக் கொட்டினார்கள். சேற்றை முழுக்க வழிக்க நேரம் இருக்கவில்லை. படி வெட்டவும் இல்லை. பாலைமரக் கட்டையால் இடித்தார்கள், காலால் மிதித்தார்கள். பின்னேரம் மேலால் புல்லுப் பதித்துத் தண்ணீர் தெளித்தபோது கட்டு ஒரே கட்டாகத் தெரிந்தது.

வடிவம்மாவும் மிதித்தாள். ஜெகதீஸ்வரியை விட ஏழு வயது மூத்தவள், புருசன் இல்லை. அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். குதிக்காலால் மண்ணை ஒரு தரம் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஜெகா, உது தங்குமோ? தங்காதெண்டால் சொல்லு. நான் இந்தப் போகம் விதைக்காமல் விடுறன். சங்கிலியை அடைவு வைச்சுத்தான் விதைநெல்லும் பசளையும் எடுக்கோணும்."

பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் அடுத்த கிழமை சம்பளம். தங்காது என்று சொன்னால் வடிவம்மா கந்தோருக்குப் போவாள். போனால் அளவெடுப்பு நிற்கும்.

"தங்கும், வடிவக்கா. நான் சொல்லுறன், விதையுங்கோ."

"நீ சொன்னால் சரி."

நிஷாந்தன் கடைசி அளவெடுக்க வந்தான். பூச்சியத்தில் நாடாவைப் பிடித்து முன்னூற்றுப் பத்து வரைக்கும் அளந்தான். அங்கே நாடாவைச் சுருட்டினான். சுருட்டிய நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மீற்றரும் புல்லுக்கு மேலால் நடந்தான். முன்னூற்றுப் பதினெட்டில் மறுபடி விரித்தான். நடக்கும்போது கால் கொஞ்சம் பதிந்தது. அவன் கீழே பார்த்தான். பிறகு ஜெகதீஸ்வரியைப் பார்த்தான். அளவுத்தாளை நீட்டினான். அவள் கையெழுத்து வைத்தாள், முத்திரை குத்தினாள். பெயர்ப்பலகைக்கு முன்னால் எல்லோரையும் நிற்பாட்டிப் படம் எடுத்தார்கள்.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாமல் மழை. குளம் நிரம்பி, மிகைநீர் வான் வழியாகப் பாய்ந்தது. ஆறாம் நாள் விடிய ஜெகதீஸ்வரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். வடிவம்மா முதலே அங்கே நின்றாள். கையில் மண்வெட்டி, முழங்காலளவு சேறு. கட்டின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"தண்ணி கலங்கல், ஜெகா," என்றாள்.

தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். குளத்தடியில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை.

அப்புத்துரை ஆட்களோடு மண்மூட்டை தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கத்தால் வந்தார். இருபது மூட்டை போட்டிருப்பார்கள். அதற்குள் புல்லுத்தரை மேலிருந்து ஒரு பாய் அளவுக்கு வழுக்கி இறங்கியது. "ஏறுங்கோ! எல்லாரும் ஏறுங்கோ!" என்று அப்புத்துரை கத்தினார். ஜெகதீஸ்வரி வடிவம்மாவின் கையைப் பிடித்து மேற்குக் கட்டில் ஏற்றினாள். நடுவில் கட்டு வாய் பிளந்தது. சத்தம் பெரிதாக இல்லை. தண்ணீர் பழுப்பு நிறத்தில் புரண்டு போய் நேரே அந்த இரண்டு ஏக்கரில் விழுந்தது. முழங்கால் உயரப் பயிர் முதல் சுழியிலேயே காணாமல் போனது. மத்தியானம் தண்ணீர் வடிந்தபோது அங்கே வயல் இல்லை. இடுப்பளவு மணலும், சரிந்த ஒரு மருதமரமும் கிடந்தன.

வடிவம்மா அழவில்லை. மழைக்குள் நின்று மணலைப் பார்த்தாள். "சங்கிலி மீட்க மாசிக்குத் தவணை," என்று மட்டும் சொன்னாள், அதுவும் யாருக்கென்று இல்லாமல்.

விசாரிக்க வந்த வாகனம் இரண்டு. நிஷாந்தன் முதலே ஜெகதீஸ்வரியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். "அக்கா, அதிலை நீங்கள் மண் போட்டதெண்டு வாய் திறக்காதேங்கோ. அனுமதியில்லாமல் கட்டிலை கை வைச்சதெண்டு சங்கத்திலை பழி வரும்."

"உண்மை அதுதானே தம்பி."

"உண்மை எண்டால் எழுதித் தாங்கோ. நானும் எழுதித் தாறன், பாத்துக்கொண்டு நடந்தனான் எண்டு. ரெண்டு பேரும் பதவியை விட்டு வீட்டை போவம்."

பெரிய உத்தியோகத்தர் குடையின் கீழ் நின்று இரண்டு வேலைகளின் கோப்புகளையும் புரட்டினார். முதலாம் பகுதி, நல்ல நிலையில். இரண்டாம் பகுதி, நல்ல நிலையில். உடைந்த இடம் இரண்டிலும் இல்லை. வெள்ளத்தால் சேதம் என்று எழுதினார்கள். இழப்பீட்டுப் பட்டியலில் வயலின் சொந்தக்காரன் பெயர் போனது. அவன் கனடாவில் இருக்கிறான். வடிவம்மாவின் குத்தகைக்குக் கடதாசி இல்லை.

"சங்கத் தலைவி ஏதும் சொல்லப் போறீங்களோ?" என்று அவர் கேட்டார்.

வடிவம்மா மூன்று அடி தள்ளி நின்றாள்.

"இல்லை, சேர்," என்றாள் ஜெகதீஸ்வரி.

தை பிறந்து இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. உடைப்பு இருபத்திரண்டு மீற்றராக அகன்றிருந்தது. அதைக் கட்ட மதிப்பு பதினெட்டு லட்சம். எல்லைக்குள் அடங்கிய வேலை. முந்திய வேலையைத் திருப்திகரமாக முடித்துக் கணக்கு மூடியபடியால் அதே மாதர் சங்கத்துக்குத் தரலாம் என்றிருந்தது. லக்சிகா கடிதத்தை வாசித்துக் கைதட்டினாள். "இரண்டு மாசச் சம்பளம் கிடக்குது தலைவி, ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்?" நாற்பத்திரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள். வடிவம்மாவும் கொடுத்தாள்.

இந்தமுறை சேறு முழுக்க வழிக்கப்பட்டது. படி வெட்டப்பட்டது. பிரதாபன் றோலரோடு வந்து ஒவ்வொரு படையாக ஓட்டினான். வடிவம்மா தாச்சியை ஏந்தி வந்து கொட்டினாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். ஒரு கிழமை ஜெகதீஸ்வரியோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, பேனையைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றாள்.

"கந்தோரை நான் கேக்கேல்லை," என்றாள். "ரீ.ஓப் பெடியனையும் கேக்கேல்லை. கந்தோர் எனக்கு விதை எண்டு சொல்லேல்லை. நீதான் சொன்னனி."

"ஓம், வடிவக்கா."

"தங்காதெண்டு தெரிஞ்சுதான் சொன்னனியோ?"

பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு குளத்தடியில் நின்றார்கள். லக்சிகா சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஓம்," என்றாள் ஜெகதீஸ்வரி. "தெரிஞ்சுதான்."

வடிவம்மா பேனையைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். "ரெண்டு ஏக்கருக்கும் போனமுறை அம்பது மூடை வெட்டினனான். கூடச் சொல்லேல்லை, குறைச்சும் சொல்லேல்லை. நீ எனக்கு அம்பது மூடை நெல்லுத் தரோணும்."

"தரோணும், அக்கா."

எப்போது என்று வடிவம்மா கேட்கவில்லை. ஜெகதீஸ்வரியும் சொல்லவில்லை. அவளுக்கென்று இருப்பது குளத்துக்கு மேலே முக்கால் ஏக்கர் மேட்டுக்காணி; அதில் நெல் விளையாது. வடிவம்மாவுக்கு அவள் கொடுக்க வேண்டியது ஐம்பது மூடை நெல். இன்றுவரை ஒரு மூடையும் கொடுக்கவில்லை.