விதி எண் பதினான்கு

1

இது என் அக்காவின் கதை. அவள் ராணுவ மருத்துவர். நான் கதை எழுதிப் பிழைக்க முயல்கிறவன். ஒன்பது வருடங்களுக்கு முன் அவள் ஒரு மதிய நேரத்தில் தொலைபேசியில் கேட்ட கேள்வியில்தான் இது தொடங்குகிறது.

"டேய், ஒருத்தர் சொல்றது பொய்யா உண்மையான்னு நீ எப்படிடா கண்டுபிடிப்ப? கதை எழுதுறவனாச்சே நீ."

என் முதல் கதை அப்போதுதான் அச்சாகியிருந்தது. கால் தரையில் பாவாத நாட்கள். யார், எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை.

"சின்ன விவரத்தைக் கவனிக்கா. பொய் சொல்றவன் பெருசு பெருசா அடிச்சு விடுவான். யாருக்கும் சட்டுனு தோணாத ஒரு சின்ன விஷயம் வந்து விழுந்துச்சுன்னா, அது உண்மை."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் ஒரு மனிதர் இறந்தார். ஒன்பது வருடங்களாக அதை எழுதாமல் இருக்க முயன்றேன். [இந்த வாக்கியம் முழு உண்மை இல்லை. அவர் இறந்தது எனக்கு அப்போதே தெரியும். அதில் என் 'சின்ன விவர'த்துக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தது போன மாதம்தான்.]

2

எழுதி அடித்த தொடக்கங்கள் நிறைய. ஒன்று இப்படிப் போனது:

மலைப்பாதையின் மீது பனி ஒரு வெள்ளைத் துணியைப் போல விரிந்து

பிரதியைப் படித்த அக்கா ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "பனி இல்லை, மழை. துணியெல்லாம் வேண்டாம்." மருந்துச் சீட்டு எழுதும் கை. அதைப் படித்து முடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

சரி, துணி இல்லாமலே சொல்கிறேன்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. ராணுவம் படிக்க வைக்கும். படித்து முடித்தபின் ஆறு வருடம் அவர்களிடம் வேலை பார்க்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அப்பா தையல்காரர். ஒப்பந்தத்தைத் தையல் மெஷின் மேல் வைத்து அம்மா உரக்கப் படித்தாள். பதினான்காவது விதியில் நின்றாள்.

"மேற்படிப்புப் பயிற்சிக் காலம் சேவைக் காலமாகக் கருதப்படாது. அக்காலத்துக்கு ஈடாகக் கூடுதல் சேவை ஆற்ற வேண்டும். அப்படின்னா என்னடி?"

"மேல படிச்சா, படிக்கிற வருஷம் கழியாதும்மா. அது போக, அத்தனை வருஷம் கூடவும் செய்யும்."

"இதுக்கு விதின்னு பேரு வெச்சவன் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான்."

அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அக்கா சிரிக்கவில்லை. [ஓரக்குறிப்பு, சிவப்பு மை: "நானும்தான் சிரிச்சேன். பதினேழு வயசுல ஆறு வருஷம்னா என்னன்னு யாருக்குத் தெரியும்?"]

3

குழந்தைகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. படிப்பு முடிந்ததும், மேற்படிப்பை முடித்துவிட்டுச் சேவைக்கு வருகிறேன் என்று விண்ணப்பித்தாள். "முதலில் முகாம்" என்று பதில் வந்தது. இரண்டே சொல்.

மலையடிவாரத்தில் ஒரு முகாம். மருத்துவ அறை என்பது இரண்டு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, காற்றில் தானாக ஆடும் எடை மெஷின். தினமும் காலையில் வாசலில் வரிசை நிற்கும். காய்ச்சல், கால் புண், முதுகுவலி. முக்கால்வாசிப் பேருக்குத் தேவை மருந்து இல்லை, ஓய்வுச் சீட்டு. மேசையில் மூன்று ரப்பர் முத்திரைகள் இருந்தன: தகுதி. தகுதியில்லை. தற்காலிகமாகத் தகுதியில்லை. "வைத்தியம் பார்த்ததைவிட முத்திரை குத்துனதுதான் அதிகம்" என்பாள். மற்றவர்களின் கையெழுத்தால் கட்டப்பட்டவள், தன் கையெழுத்தால் மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். [இதை அவள் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.]

ஒரு நாள் ஓட்டுநர் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். மறுநாள் சரக்கு லாரியை அவர்தான் மலைமேல் கொண்டுபோக வேண்டும். நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"போன வாரம் சோதனைச் சாவடியில வண்டிய நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தேன் டாக்டர். நல்ல மழை. வைப்பர் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. அப்புறம் பார்த்தா காஞ்ச கண்ணாடியில வைப்பர் கிரீச் கிரீச்சுன்னு தேய்க்குது. நடுவுல மழை நின்னதே எனக்குத் தெரியல."

"தூங்கிட்டீங்களா?"

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சாம். பக்கத்துல ஸ்டெப்னி இருந்தான். அவன்தான் சொன்னான்."

ஸ்டெப்னி இன்னொரு ஓட்டுநர். யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் அவர்கள் இடத்தில், மாற்றுச் சக்கரம் போல, இவர் கிளம்பிவிடுவார்; அதனால் அந்தப் பெயர். அக்கா அவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். "ஆமா டாக்டர், நான் கூப்பிடுறேன், இவன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

வலிப்பு என்றால் கை காலை உதறிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை. கண் திறந்தபடி, ஆள் மட்டும் சற்று நேரம் இல்லாமல் போவதும் உண்டு. அதைப் பார்க்கும் கருவி ஒரு நாள் பயணத் தொலைவில், தலைமை மருத்துவமனையில் இருந்தது. முகாம் அதிகாரி ஃபோனில், "நாளைக்கு வண்டி மேல போயாகணும் டாக்டர். சாக்கு சொல்றவன் ஆயிரம் சொல்லுவான்" என்றார். அப்போதுதான் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் என் மேதைமையைக் காட்டினேன். மழை நின்றது தெரியாத வைப்பரை யாரால் இட்டுக்கட்ட முடியும்?

மூன்றாவது முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

மறுநாள் லாரியை ஸ்டெப்னி ஓட்டிப் போனார். ஏழாவது வளைவில் வண்டி வளையவில்லை. நேராகப் போயிருந்தது. பிரேக் பிடித்த அடையாளமே இல்லை என்று மீட்கப் போனவர்கள் பேசிக்கொண்டார்கள். மழை, சறுக்கல் என்று விசாரணை முடிந்தது. ஸ்டெப்னிக்கு இருபத்தாறு வயது. உடலைப் பரிசோதித்துச் சான்று எழுதியதும் அக்காதான். அங்கே வேறு டாக்டர் இல்லை.

ஓட்டுநரைத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினாள். மூளை மின்பதிவில் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் அவர் மறுபடி வண்டியில் ஏறினார்.

4

இந்த ஓட்டுநரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் அவரைக் கோழையாக, புளுகராக எழுதினேன். இரண்டாவதில் நல்லவராக்கி, அழ வைத்தேன். அக்கா இரண்டையும் திருப்பித் தந்தாள்.

"ரெண்டுலயும் ஆளே இல்லடா. அவர் நகத்தைக் கடிப்பார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாததை நான் எழுதுனா அது தப்பான ரிப்போர்ட். நீ எழுதுனா கதையா?"

அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

ஆறில் மூன்று வருடம் முடிந்தபோது ராணுவம் மேற்படிப்புக்கு அனுமதி தந்தது. அவள் நரம்பியலைக் கேட்டு வாங்கினாள். படிப்பு மூன்று வருடம், கழியாது. பழைய மீதி மூன்று. படித்ததற்குக் கூடுதல் மூன்று.

"மூணு வருஷத்துல வீட்டுக்கு வர வேண்டியவ, ஒன்பது வருஷத்துக்குப் போறியா? குழந்தைங்க டாக்டராகணும்னுதானேடி சொன்ன?" என்றாள் அம்மா.

"ஒருத்தர் விஷயத்துல நான் பார்த்தது சரியா தப்பான்னு தெரிஞ்சாகணும்மா."

"தெரிஞ்சா செத்தவன் வருவானா?"

"வரமாட்டான்."

இந்த முறை அப்பாவின் கையெழுத்து தேவைப்படவில்லை. அது தெரியாமல் அவர் சட்டை மாற்றிக்கொண்டு, பையில் பேனாவோடு வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்த ஒருவர், அவளுடைய இந்த இரண்டாவது கையெழுத்துக்குப் பிறகு காத்திருக்கவில்லை. [அடிக்குறிப்பு: அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அக்கா அதைக் கிழித்துவிட்டாள். ஓரக்குறிப்புகூட இல்லை.]

5

போன மாதம் ஓட்டுநர் வந்தார்.

அக்கா இப்போது அதே தலைமை மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அவர் ராணுவத்திலிருந்து விலகி, பள்ளி வேன் ஓட்டும் வேலைக்குக் கேட்டிருக்கிறார். மருத்துவச் சான்று வேண்டும். எந்த டாக்டரும் தருவார். அவர் இவளைத் தேடி வந்திருக்கிறார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டாக்டர். அன்னிக்கு எனக்கு அந்த ரோட்டுல போக பயம். ஸ்டெப்னிதான், நீ போய் டாக்டரம்மாகிட்ட வைப்பர் கதையச் சொல்லு, நான் ஆமான்னு சொல்றேன்னான்."

"அப்ப அது நடக்கவே இல்லையா?"

"நடந்துச்சு. சாவடியில நாங்க ரெண்டு பேரும்தான் இருந்தோம். யாருக்கு நடந்துச்சுன்னுதான்..." அவர் நகத்தைக் கடித்தார். "அவனுக்குத்தான் நடந்துச்சு, நான்தான் பக்கத்துல இருந்து கூப்பிட்டேன்னு சில நாள் தோணுது. அவனுக்கு வண்டின்னா உசிரு. வெளிய தெரிஞ்சா ஓட்ட விட மாட்டாங்கன்னு என் தலையில கட்டினானோன்னு நினைப்பேன். சில நாள், இல்ல, எனக்குத்தான் நடந்துச்சு, அந்தக் கிரீச் சத்தத்துல நான்தான் முழிச்சேன்னு தோணுது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். எது நான் பார்த்தது, எது நான் சொன்னதுன்னு இப்ப எனக்கே தெரியல."

அக்கா அவரை, முந்தின இரவு தூங்காமல் விழித்திருந்துவிட்டு ஒரு காலையில் வரச் சொன்னாள். களைத்த மூளை எளிதில் காட்டிக்கொடுக்கும். பழைய பதிவில் தப்பியது இதில் சிக்கலாம்.

"இதை என் தம்பி எழுதலாமா?" என்று அவரிடம் அவளே கேட்டிருக்கிறாள். "பேரு போடாம எழுதச் சொல்லுங்க" என்றாராம்.

6

முடிவு ஒன்று: பதிவில் வலிப்பின் அடையாளம் இருக்கிறது. நோய் அவருடையது. ஸ்டெப்னியை விழுங்கியது மழை மட்டும்தான். ஓட்டுநரின் மனசிலிருந்து பாரம் இறங்குகிறது, அதோடு வேன் வேலையும் போகிறது. இனி எந்த வண்டியையும் அவர்

முடிவு இரண்டு: பதிவில் ஒன்றும் இல்லை. வேலை கிடைக்கிறது. தினமும் இருபது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, தன் இடத்தில் போனவனை நினைத்தபடி

இரண்டின் மீதும் சிவப்புக் கோடு. இரண்டாவதின் கீழே: "ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்ல. எத்தனை தடவைடா சொல்றது?"

"உண்மையில என்ன வந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

"அது அவரோட ரிப்போர்ட்."

"இத்தனை சொன்ன, இதைச் சொல்லக் கூடாதா?"

"இத்தனையும் சொல்லலாம்னு அவர் சொன்னார். அதைச் சொல்லச் சொல்லல."

அவள் முகத்தில் தேடினேன். உடம்பு முழுக்கக் களைப்பு. மற்றபடி எதுவும் பிடிபடவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்துகிறேன்.

காலை பத்து மணி. திரை போட்ட சிறிய அறை. தலை முழுக்க ஒயர்களோடு ஓட்டுநர் படுத்திருக்கிறார். இரவெல்லாம் விழித்தவர், அசந்து தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பதிவு முடிந்துவிட்டது. கணினித் திரையில் கோடுகள் நின்றுவிட்டன, அவற்றில் என்ன இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் உட்காருங்கள்.

அவரை எழுப்ப வேண்டும். தோளைத் தொட்டதும் விழித்துவிடுவார். எழுந்ததும் வேலையைப் பற்றிக் கேட்கமாட்டார்.

"நானா டாக்டர், அவனா?" என்றுதான் கேட்பார்.