கொம்பில்லாத கிடா

தன் கிடாவைப் பற்றி ஆட்டுக்காரர் தெருத்தெருவாகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. "எந்தப் பெட்டையோட சேத்தாலும் சரி, ஒரு குட்டிக்காவது கொம்பு முளைச்சிருக்கா, வந்து பாருங்க" என்பார். மொட்டையன் என்று அதற்குச் செல்லப் பெயர். பெற்ற பிள்ளையைக்கூட இப்படித் தாங்குவார்களா என்பது சந்தேகம்தான்.

கொம்பு என்றாலே அவருக்கு ஆகாது. பண்ணையிலேயே அதிகம் கறந்த ஆடு ஒருநாள் பக்கத்து ஆட்டை முட்டத் தலையைத் திருப்பியது. குறுக்கே, கறக்க உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் முகம் இருந்தது. இடது கண் போயிற்று. குட்டியிலேயே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுங்கள் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டதுண்டு. நாளைக்கு, நாளைக்கு என்று தட்டிக்கழித்தவர் இவர். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் கொம்புள்ளதையெல்லாம் குட்டிகளோடு விற்றுத் தீர்த்துவிட்டு, கொம்பில்லாத மொட்டை ஆடுகளாகத் தேடிப் பிடித்து வந்தார். கிடாவும் மொட்டையாகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எவ்வளவு கறக்கும் வம்சம் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

மொட்டையனின் குட்டிகள் தளதளவென்று வளர்ந்தன. ஆனால் பெட்டைகளில் பாதி பருவத்துக்கே வரவில்லை. தீவனத்தை மாற்றினார், உப்புக்கட்டி தொங்கவிட்டார், பூச்சி மருந்து ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. மீதிப் பாதி ஈன்றன. அவற்றின் பால் குட்டிக்கே பற்றவில்லை. முதலில் வாங்கி வந்த மொட்டை ஆடுகளுக்கு வயதாகி மடி வற்றிக்கொண்டு வந்தது. பால் வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு பண்ணைக்குப் போனார்கள். பருவத்துக்கு வராத அந்தப் பெட்டைகள் சினை பிடித்தால்தான் பண்ணை நிற்கும் என்ற நிலை வந்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் ஒரு பெட்டையின் வாலைத் தூக்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். எழுந்து கையைக் கழுவினார்.

"இது பெட்டையும் இல்ல, கிடாவும் இல்ல. சினை பிடிக்காது."

"ஊசி கீசி எதாவது?"

"பொறவியிலேயே அப்படி. கொம்பில்லாத கூறு தாய் கிட்டேயிருந்தும் வந்து, தகப்பன் கிட்டேயிருந்தும் வந்தா, பெட்டையா பொறக்க வேண்டியது இப்படி ரெண்டுங்கெட்டானா ஆயிடும். தாய் தகப்பன்ல ஒண்ணுக்காவது கொம்பு இருக்கணும். ஒரு குட்டிக்கும் கொம்பு வரலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே, அப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாம்."

"மத்ததுங்களும் சரியா கறக்கலையே?"

"கறக்கற வம்சத்தைத்தான் கொம்போட சேத்து வித்துட்டீங்களே."

ஆட்டுக்காரருக்கு மொட்டையனை அவிழ்த்து அடிக்கலாம் போலக் கோபம் வந்தது. பாவம், அது என்ன செய்யும்?

எல்லா ஆடுகளையும் விலை பேசிக் கறிக்கடைக்காரர் வண்டியோடு வந்தபோது ஆட்டுக்காரர் வெளியே வரவில்லை. மனைவிதான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். பாதிக்கு மேல் குட்டியிலிருந்து அவள் கையில் தின்று வளர்ந்தவை. கயிறு கட்டாமலே பின்னால் போயின. கடைசியில் மொட்டையனும் ஏறியது.

வண்டி போன பிறகு அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் உனக்காகத்தான் பண்ணினேன்" என்றார்.

"எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கண்ணு போனது எனக்கு. கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்ததும் அந்த ஆட்டைத்தான் தேடினேன். அது வேணும்னா முட்டுச்சு? நான் உக்காந்து கறந்திருப்பேன். கொம்பைப் பாத்தா உங்களுக்குத்தான் குத்திச்சு. அந்தக் குத்தல் தாங்காம எல்லாத்தையும் வித்தீங்க. அதுக்கு என் பேரைச் சொல்லாதீங்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவருக்கு அது முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை. இத்தனை காலம் அதைத் தியாகம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அவள் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நாளையிலேருந்து பெரிய பண்ணைக்குக் கூலிக்குக் கறக்கப் போறேன். பேசிட்டேன்."

"அங்க எல்லாம் கொம்புள்ள ஆடு" என்றார் அவர்.

"ஆமா."

"வேணாம். இன்னொரு கண்ணுதான் இருக்கு உனக்கு."

"வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

"அப்ப நானும் வரேன். நீ கறக்கறப்ப தலையைப் பிடிச்சுக்கறேன்."

"ஒரு ஆள்தான் கேட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, காலையில் உடுத்திப் போகப் பழைய புடவை ஒன்றைத் தேட அவள் உள்ளே போனாள்.